ஆறுதலாப் படி

பிரிக்பீல்ட்ஸ்
5 ஜூன் 1932

அன்புள்ள தங்கை தனலெட்சுமிக்கு அண்ணன் நாகையா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி இராஜம்மாவும் இருக்கிறோம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு ஆபீஸ் வலி. மற்றபடி குறையில்லை. உன் தையல் மிஷின் ஓடுகிறதா, கை நடுக்கம் நின்றதா என்று எழுது.

ஆட்குறைப்பு எங்கள் ஆபீசுக்கும் வந்துவிட்டது. சீனியர் கேம்பிரிட்ஜ் சர்ட்டிபிகேட் இல்லாத குமாஸ்தாக்கள் முதலில் போகவேண்டுமாம். நேற்று வந்த பையன்கள் சர்ட்டிபிகேட்டோடு தைரியமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவன் நான். பெரிய துரை என்னைக் கூப்பிட்டு, "டிசம்பர் பரீட்சையில் தேறினால் நாற்காலி உனக்கு, இல்லாவிட்டால் மார்ச்சோடு சரி" என்று சொல்லிவிட்டார்.

நாற்பத்து மூன்று வயதில் மறுபடியும் பரீட்சை எழுதப் போகிறேன். கணக்கு, சரித்திரம், பூகோளம் எதற்கும் பயமில்லை. பள்ளிக்கூட நாளில் என்னைக் கவிழ்த்தது இங்கிலீஷ் இலக்கியம் ஒன்றுதான். அதில் விழுந்தால் முழுப் பரீட்சையும் விழுந்த மாதிரி. வேடிக்கையைப் பார், இந்த வருஷமும் அதே நாடகத்தையே பாடமாக வைத்திருக்கிறார்கள்.

என் பழைய புத்தகப் பெட்டி உன் வீட்டில்தான் கிடக்கிறது. ரயில் கார்டு தம்புசாமியிடம் கொடுத்தனுப்பு. இதை யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக, உன் பக்கத்து வீட்டு வாத்தியார் காதில் விழக்கூடாது.

மாப்பிள்ளை சபாபதியின் திவசத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. தப்பாக நினைக்காதே.

உன் அண்ணன்
நாகையா


கிள்ளான்
14 ஜூன் 1932

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை தனலெட்சுமி வணக்கம்.

சாமி புண்ணியத்துல இங்க சுகம். கை நடுக்கம் போயிடுச்சு. இப்ப நூல் விலைதான் நடுங்க வைக்குது. அண்ணிய நொச்சி இலை போட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கச் சொல்லுங்க.

பெட்டிய தம்புசாமி அண்ணன்கிட்ட கொடுத்துட்டேன். பாதிப் புஸ்தகம் கரையானுக்குப் போச்சு. அந்த நாடகப் புஸ்தகத்த மட்டும் தொடல. உங்க வாய்க்குப் பயந்த கரையான் போல. பரீட்சைக்கு அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டுப் போவீங்களா, இல்ல ஆபீஸ் கோட்டா? அண்ணி பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்புவாங்களா?

லீவு கிடைக்கலன்னு எழுதியிருக்கீங்க. அவரு போய் மூணு திவசம் ஆச்சு, மூணுக்கும் லீவு கிடைக்கல. அவரு செத்த அன்னிக்கு மட்டும் வந்தீங்க. வாசல்ல பக்கத்து வீட்டு முத்துக்குமாரு மாஸ்டர் நின்னுக்கிட்டு வந்தவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கிட்டிருந்தாரு. அவரப் பாத்ததும் அப்படியே திரும்பிப் போனீங்க. நான் உள்ளேருந்து பாத்தேன். ஒண்ணும் கேக்கல. அழற நேரம்.

அவங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க, நாம தஞ்சாவூர்ப் பக்கம், அதுக்காகவா? அவரோட வீட்டம்மா பூமணி அக்கா எனக்கு எத்தனை நாள் சோறு போட்டிருக்காங்க தெரியுமா. என்ன பகைன்னு இன்னிக்கு வரைக்கும் நீங்க ஒரு வார்த்த சொன்னதில்ல.

உடம்பப் பாத்துக்குங்க.
தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
3 ஜூலை 1932

தங்கைக்கு அண்ணன் எழுதுவது. ஒத்தடத்தில் உன் அண்ணி கொஞ்சம் நடமாடுகிறாள். பெட்டி வந்து சேர்ந்தது.

சாப்பாட்டு நேரத்தில் குட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து படிக்கிறேன். விஜயன் என்று ஒரு பொடியன், என் செக்‌ஷன்தான். அவன் கண்டுபிடித்துவிட்டான். "என்னண்ணே, தாத்தா ஆகிற வயசில பள்ளிக்கூடமா? ஹோம்வர்க் பண்ணலேன்னா பெஞ்சு மேல ஏத்துவாங்க, பாத்து" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். சிரித்தவர்கள் முகமெல்லாம் எனக்கு நினைவிருக்கும்.

பகை என்ன என்று கேட்டாய். சொல்கிறேன். நானும் முத்துக்குமாருவும் ஒரே வகுப்பு. ஒரே புத்தகத்தைப் பங்கு போட்டுப் படித்தோம். ஆசிரியர்கள் எந்தக் கேள்வியை வைப்பார்கள் என்று மோப்பம் பிடிப்பதில் அவன் கெட்டிக்காரன். இலக்கியத் தாளுக்கு முதல் நாள், ரயில்வே கேட்டடியில் குதிரை வண்டிகள் நிற்குமே, அங்கே வந்தான். அவசரமாக ஒரு வண்டியில் ஏறிக்கொண்டே, நான்காம் அங்கத்தை இப்போது படிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். நம்பினேன். முதல் மூன்று அங்கங்களை உருப்போட்டேன். மறுநாள் பெரிய கேள்வி நான்காம் அங்கத்திலிருந்து வந்தது. அவன் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்ததை நான் வெற்றுத் தாளோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் தேறினான், மாஸ்டர் ஆனான். நான் எடுபிடிக் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதே நாற்காலியில் தேய்ந்துகொண்டிருக்கிறேன். நாற்காலி போட அவனுக்கு என்ன, அவனிடம் நிறைய இருக்கும்.

இன்னும் நான்காம் அங்கத்துக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவதோடு நிற்கிறேன்.

நாகையா


கிள்ளான்
25 ஜூலை 1932

அண்ணனுக்கு வணக்கம். இங்க மழை. துணி காயல, மனசும் காயல. நீங்க எழுதினதப் படிச்சிட்டு ரெண்டு நாள் ஒண்ணும் ஓடல.

அத விடுங்க. பரீட்சையப் பாப்போம். இங்க கிள்ளான்ல தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு. இங்கிலீஷ் நல்லாத் தெரியும். பேரு வேணாம், அவருக்குப் பிடிக்காது. என்ன சந்தேகம்னாலும் எழுதுங்க, நான் கேட்டு எழுதறேன். இங்கிலீஷ் வார்த்தைய எனக்குப் புரியற மாதிரித் தமிழ்ல போடுங்க. இல்லன்னா நான் ஒண்ணு கேக்க அவரு ஒண்ணு சொல்ல, நாடகமே மாறிடும்.

முதல்ல ஒண்ணு சொல்லச் சொன்னாரு. கதையச் சொல்லித் தாள ரொப்பாதீங்களாம். திருத்தறவருக்குக் கதை தெரியுமாம். கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதி, ஒவ்வொரு பதிலுக்கும் நாடகத்துலேருந்து ஒரு வரிய சாட்சிக்கு வைக்கணுமாம்.

அண்ணி முழங்கால் எப்படி?
தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
2 செப்டம்பர் 1932

அன்புள்ள தங்கைக்கு. உன் அண்ணி எழுந்து கோயில் வரை போய் வந்தாள். உனக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுத்து வைத்திருக்கிறாள்.

பதில் எழுத நாளாகிவிட்டது. பழைய கேள்விகளை எடுத்து நீ சொன்ன முறைப்படி எழுதிப் பார்த்தேன். கதை சொல்லாமல், கேட்டதற்குப் பதில், சாட்சிக்கு ஒரு வரி. இத்தனை வருஷம் ஆபீசில் கடிதம் எழுதியவனுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. அந்தப் பெயர் வேண்டாத பெரியவருக்கு என் நன்றியைச் சொல். இப்படி ஒருவர் அன்று என் பக்கத்தில் இருந்திருந்தால் என் பிழைப்பே வேறு மாதிரி இருந்திருக்கும். உண்மையான ஆசிரியர் என்றால் இவர்தான். பக்கத்து வீட்டில் நாற்காலி போடுகிறவன் அல்ல.

ஒருவழியாக நான்காம் அங்கத்தையும் திறந்துவிட்டேன். சிறையில் ஒரு படைத்தலைவன். மறுநாள் அவனுக்குத் தண்டனை. அவனோடு சண்டை போட்டுப் பிரிந்த பழைய நண்பன் பார்க்க வருகிறான். சரி, இப்போது பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தால், இரண்டு பேரும் தங்கள் பழைய குதிரைகளைப் பற்றியே பேசுகிறார்கள். ஒன்று நொண்டியது, ஒன்று ஆற்றில் இறங்க மறுத்தது. பிறகு நண்பன் எழுந்து போய்விடுகிறான். அவ்வளவுதான் அங்கம். இதில் என்ன கேள்வி கேட்க முடியும்? இதில் என்ன இருக்கிறது? அவரிடம் கேள்.

நாகையா


கிள்ளான்
20 செப்டம்பர் 1932

அண்ணனுக்கு வணக்கம். அண்ணி கோயிலுக்குப் போனாங்கன்னு படிச்சதும் நிம்மதி. துணி நீல நிறமா இருந்தா நல்லது.

கேட்டேன். நீங்க எழுதினத அப்படியே வாசிச்சுக் காட்டினேன், அந்த நாற்காலி வரிய விட்டுட்டு. குதிரையப் பத்திப் பேசிட்டுப் போறது ஒரு நாடகமான்னு நானும் சேந்து கேட்டேன். நம்ம ஊர்க் கூத்துல இப்படிச் செஞ்சா தக்காளியால அடிப்பாங்க. அவரு அந்த இடத்த இன்னொரு தடவ வாசிக்கச் சொன்னாரு. அப்புறம் சொன்னாரு:

"பழைய சண்டையைக் கதைச்சால் ஆரிலை பிழை எண்டு முடிவு கட்டவேணும். ரெண்டு பேருக்கும் அது ஏலாது. குதிரையிலை பிழை இல்லையே. அதுதான் குதிரையைக் கதைக்கினம்."

அவரு சொன்னத மாத்தாம எழுதியிருக்கேன். கடைசியா ஒண்ணு. எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம்னு ரெண்டு தடவ சொன்னாரு: "நாலாம் அங்கத்தை ஆறுதலாப் படிக்கச் சொல்லுங்கோ."

தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
23 செப்டம்பர் 1932

தனலெட்சுமி,

யார் அந்த ஆள்? எனக்குத் தெரியும். நீ சொல்லவேண்டாம்.

இதே சொல். கேட்டடியில் வண்டியில் ஏறும்போது அவன் சொன்னது இதே சொல். அதுவரை என்னோடு நம் பேச்சில்தான் பேசுவான். அன்று அவசரத்தில் அவனுடைய ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "நாலாம் அங்கத்தை ஆறுதலாப் படி." பரீட்சையெல்லாம் முடிந்தபிறகு மனசுக்கு ஆறுதலாகப் படித்துக்கொள், இப்போது தொடாதே. வேறு என்ன அர்த்தம்? ஒரு மனிதனை ஒரே குழியில் இரண்டு தரம் தள்ளப் பார்க்கிறான். அதற்கு நீ துணை. என் கடிதத்தை அவனுக்கு வாசித்தும் காட்டியிருக்கிறாய்.

இனிமேல் எதுவும் கேட்காதே. நானே படித்துக்கொள்கிறேன்.

நாகையா


கிள்ளான்
2 அக்டோபர் 1932

அண்ணனுக்கு.

திட்டுங்க. பொய் சொன்னது நான்தான். ஆனா இத முழுசாப் படிங்க.

நான் கல்யாணம் ஆகி இங்க வந்த புதுசுல பூமணி அக்கா சாப்பிடக் கூப்பிட்டாங்க. இலையில உக்காந்ததும், "ஆறுதலாச் சாப்பிடுங்கோ" ன்னாங்க. எனக்குத் திக்குனு ஆச்சு. யாரு செத்தா, எனக்கு எதுக்கு ஆறுதல்னு கையக் கழுவிட்டு எழுந்துட்டேன். அவங்க பதறிப்போயிட்டாங்க. அப்புறம் தெருவே சிரிச்சுச்சு. அவங்க ஊர்ல ஆறுதலான்னா அவசரப்படாம, நிதானமா, நேரம் எடுத்துன்னு அர்த்தம். ஆறுதலாச் சாப்பிடு, ஆறுதலாப் போ, ஆறுதலாச் சொல்லு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவ சொல்வாங்க. இங்க இருக்கற சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

அந்த அங்கத்த நிதானமாப் படின்னுதான் மாஸ்டர் சொல்லியிருக்காரு. அன்னிக்கும், இன்னிக்கும்.

நீங்க என்ன நெனச்சீங்கன்னு நான் அவர்கிட்ட சொல்லல. சொல்றதா வேணாமான்னு உங்க இஷ்டம்.

இன்னொண்ணு. அவருக்குக் கண்ணு போய்க்கிட்டே இருக்கு. பள்ளிக்கூடத்த விட்டு நின்னுட்டாரு. நிழல் மாதிரித் தெரியுதாம். நீங்க கேட்டதுக்கெல்லாம் புஸ்தகத்தப் பாக்காமலேதான் சொன்னாரு. நவம்பர் கடைசியில கப்பலேறி ஊருக்கே போயிடறாங்க. அதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை வாங்கண்ணே. ஒண்ணும் பேசவேணாம். வந்து உக்காந்துட்டுப் போங்க.

தனலெட்சுமி


கிள்ளான்
29 நவம்பர் 1932

அண்ணனுக்கு வணக்கம்.

ரெண்டு மாசமா உங்ககிட்டேருந்து கடுதாசி இல்ல. உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு தம்புசாமி அண்ணன் சொன்னாரு.

சனிக்கிழமை அவங்க போயிட்டாங்க. வழியனுப்ப போர்ட் ஸ்வெட்டன்ஹாம் கப்பல் துறைக்கு நானும் போயிருந்தேன். படகுல இறங்கற வரைக்கும் மாஸ்டர் ரயில் வர்ற பக்கமே மூஞ்சியத் திருப்பி வச்சிருந்தாரு. கண்ணு தெரியாதவரு எதப் பாக்கப் போறாரு. "நாகையா வரேல்லையோ?" ன்னு கேட்டாரு. லீவு கிடைக்கலன்னு சொன்னேன். "ஓம், சோதனை கிட்ட வந்திட்டுது. படிக்கட்டும்" ன்னாரு.

அவங்க வீட்ல இப்ப ஒரு சீனன் குடி வந்திருக்கான். வாசல்ல கிடந்த நாற்காலிய எனக்குக் குடுத்துட்டுப் போனாங்க.

நல்லா எழுதுங்க.
தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
18 டிசம்பர் 1932

அன்புள்ள தங்கைக்கு. பரீட்சை முடிந்தது. உன் அண்ணிக்கு மழையில் மறுபடி முழங்கால் பிடித்துக்கொண்டது. நீல நிறத் துணியைத் தம்புசாமியிடம் அனுப்பியிருக்கிறேன்.

முதல் நாள் வாசலில் நின்ற துரை என்னைப் பார்த்து, "மாஸ்டர்கள் அந்தப் பக்கம்" என்று கை காட்டினார். நான் நுழைவுச் சீட்டைக் காட்டினேன். பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அவரவர் பயம்.

ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. பரீட்சை இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் நின்றேன். ரயில் வந்தது. பெட்டிக் கதவு திறந்துதான் இருந்தது. போய் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது.

எங்கள் ஆபீசில் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள் அரைவாசிப்பேர். இத்தனை வருஷமாக நான் அவர்களோடு இங்கிலீஷில் தவிரப் பேசியதில்லை. அவர்கள் தேநீர் குடிக்கும் பக்கம் போனதில்லை. வேண்டுமென்றேதான் போகவில்லை. உன் கடிதம் வந்த மறுநாள் போய் நின்றேன். கொதிக்கிற தேநீரை ஒருவன் வாயில் வைக்கப் போக, இன்னொருவன் சொன்னான்: "டேய், ஆறுதலாக் குடி." நான் கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இலக்கியத் தாளில் கடைசிக் கேள்வி: நான்காம் அங்கத்தில் நண்பர்கள் இருவரும் குதிரைகளைப் பற்றி மட்டும் பேசுவது ஏன்? எழுதினேன். கதை சொல்லவில்லை. சாட்சிக்கு ஒரு வரி வைத்தேன். மணி அடித்தபோதும் எழுதிக்கொண்டிருந்தேன்.

நாகையா


கிள்ளான்
27 மார்ச் 1933

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம்.

பேப்பர்ல உங்க பேரு வந்திருக்குன்னு பக்கத்துக் கடைக்காரர் வாசிச்சுக் காட்டினாரு. பள்ளிக்கூடப் பையனுங்க பேருக்கெல்லாம் கடைசியில, தனியா எழுதினவங்கன்னு போட்டு, அதுல நீங்க. இலக்கியத்துல நல்ல மார்க்காம். நான் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன். சின்னப் புள்ள பாஸ் பண்ணின மாதிரி கொடுக்கறியேன்னு கேலி பண்ணினாங்க. நாற்காலி உங்களுக்குத்தானே இனிமே?

நீங்க கேட்கல. இருந்தாலும் மாஸ்டரோட யாழ்ப்பாணத்து விலாசத்த இந்தக் கடுதாசிக்குப் பின்னால எழுதியிருக்கேன். பூமணி அக்கா எழுதியிருந்தாங்க. இப்ப நிழலும் தெரியலயாம்.

சித்திரையில திவசம் வருது. லீவு கிடைக்குமா?

தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
9 ஏப்ரல் 1933

அன்புள்ள முத்துக்குமாருவுக்கு நாகையா எழுதுவது.

நீயும் பூமணியும் ஊரில் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கண்ணைப் பற்றித் தனலெட்சுமி எழுதினாள். இங்கே நானும் இராஜம்மாவும் இருக்கிறோம். பரீட்சையில் தேறிவிட்டேன். ஆபீசில் அதே நாற்காலி, அதே மேசை. வரும் திவசத்துக்குக் கிள்ளானுக்குப் போகிறேன், லீவு வாங்கிவிட்டேன். உன் நாற்காலி அங்கேதான் இருக்கிறதாம்.

பிரிக்பீல்ட்ஸ் இப்போது நீ பார்த்த மாதிரி இல்லை. கேட்டடியில் வரிசையாக நிற்குமே குதிரை வண்டிகள், அவையெல்லாம் போய்விட்டன. எல்லாம் லோரியும் மோட்டாரும்தான். ஒரே ஒரு கிழவன் மட்டும் இன்னும் வண்டி வைத்திருக்கிறான். அவன் குதிரைக்கு ஒரு காது மடங்கியிருக்கும். ரயில் ஊதினால் அந்த நாள் குதிரைகள் மிரளுமே, இது அசையாது. செவிடு என்று விஜயன் சொல்கிறான். பழகிவிட்டது என்று கிழவன் சொல்கிறான். சாயங்காலங்களில் நான் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவேன். வெல்லம் கொடுத்தால் உள்ளங்கையை நக்கும்.

அன்று நீ ஏறிப்போன வண்டியின் குதிரை செவலை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஏறின வேகத்தில் அது இரண்டடி பின்னால் வந்து, பிறகுதான் முன்னால் போனது. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் குதிரையில் ஒரு பிழையும் இல்லை.

இதைப் பூமணி உனக்கு வாசித்துக் காட்டுவாள். அவளிடம் சொல், ஆறுதலா வாசிக்கட்டும்.

நாகையா